அபின் பெட்டிக்குள் போன கண் மருந்து

போன வாரம் இரண்டு இளம் கம்பவுண்டர்கள் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். கொடுத்த காப்பி ஆறிப்போகும்வரை புலம்பினார்கள். நேற்றுவரை சாதாரண அலமாரியில் நின்ற ஏதோ ஒரு தூக்க மருந்தை இனிமேல் பூட்டி வைக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டதாம். தனிப் பூட்டு, தனிச் சாவி, தனிக் கணக்கு. எப்போது வந்து கேட்டாலும் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் விளக்கம் எழுத வேண்டும். "எங்களை எல்லாம் திருடன்னு நினைக்காவளா அய்யா?" என்று அதில் ஒருவர் கேட்டார்.

நினைத்துவிட்டுப் போகட்டும் என்றேன். ஆளைக் கெடுக்கிற சரக்கைப் பூட்டித்தான் வைக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. எனக்கு எரிச்சல் வருவது பூட்டைப் பார்த்து அல்ல. மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்த அன்றைக்கு நம் ஆட்கள் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துத்தான். அவர்கள் இரண்டு பேரிடமும் வாயால் சொன்னதை, இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதிவைக்கிறேன். மருந்தை எப்படிக் கரைப்பது, தராசை எப்படிப் பிடிப்பது என்றெல்லாம் இதில் இருக்காது. அதற்குப் புத்தகம் இருக்கிறது.

உங்களில் பலருக்குக் கொக்கேன் என்றால் பத்திரிகையில் வரும் குற்றச் செய்தி. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது கண் மருந்து. தண்ணீரில் கரைத்து இரண்டு சொட்டு விட்டால் விழி மரத்துவிடும். பிறகு டாக்டர் கருவிழியைத் தொட்டாலும் நோயாளிக்குத் தெரியாது. புரை எடுக்கவும், கண்ணில் குத்தியதை எடுக்கவும் எங்களுக்கு இருந்த ஒரே துணை அதுதான். போரிக் பொடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குப்பியில் சாதுவாக நின்றது. அதை வாயில் போட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஆற்றங்கரை ஊர்களில் ஒருவருக்கும் தெரியாது.

பம்பாயிலும் கல்கத்தாவிலும் தெரிந்திருந்தது. அங்கே வெற்றிலையில் வைத்துத் தின்கிறார்கள், தின்றவர்கள் வீடு வாசலை விற்றுத் திரிகிறார்கள் என்று பேச்சு வந்தது. சர்க்காரும் விழித்துக்கொண்டது. கொக்கேன் இனி வெறும் மருந்து அல்ல, அபின், கஞ்சா வரிசையில் சேர்ந்த போதைச் சரக்கு, கள், சாராயக் கணக்குப் பார்க்கிற அப்காரி இலாகாவின் பார்வையில் இருக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. விழித்தது நல்ல காரியம். பம்பாயில் எவனோ வெற்றிலை மென்றதற்குத் தாமிரபரணிக் கரையில் ஒருத்தி கண்ணைக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதுதான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியாத விஷயம். கொடுக்கும்படி சர்க்காரும் சொல்லவில்லை. நாங்களாகவே அவளைக் கொடுக்க வைத்தோம்.

திருநெல்வேலிக்கு மேற்கே ஆற்றை ஒட்டிய ஒரு சின்ன தர்மாஸ்பத்திரியில் அப்போது நான் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என் வாசலில் வந்து நிற்பார்கள். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், நான், தண்ணீர் இறைக்கவும் பெருக்கவும் ஓர் ஆள். அவ்வளவுதான் ஆஸ்பத்திரி.

அங்கே ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. எங்கள் டாக்டருக்கு முன்னால் இருந்தவர்மேல், வலி மருந்துக்காக வைத்திருந்த அபின் குறைகிறது என்று யாரோ மொட்டைக் கடிதாசி போட்டுவிட்டார்கள். மனுஷன் ரோஷப்பட்டு, அபின் பெட்டிக்கு அப்காரி இன்ஸ்பெக்டரின் கையாலேயே அரக்கு முத்திரை வைக்கச் சொல்லிவிட்டார். மாதம் ஒரு தடவை இன்ஸ்பெக்டர் வருவார், பெட்டியைத் திறப்பார், அந்த மாதத்துக்கு வேண்டியதை எடுத்து வெளியே கொடுப்பார், மிச்சத்தை நிறுத்துப் பார்த்து மறுபடி அரக்கு வைத்துவிட்டுப் போவார். எந்தச் சட்டத்திலும் இப்படிச் சொல்லவில்லை. ரோஷக்கார டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார், வழக்கம் மட்டும் எங்கள் தலையில் நின்றுவிட்டது. இந்த மாதிரி வழக்கங்கள் ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் இரண்டு மூன்று இருக்கும். ஏன் என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது, ஆனால் கைவைத்தால் எல்லோரும் பதறுவார்கள்.

அந்த மாசி மாதம் கொக்கேன் பற்றிய உத்தரவும் இன்ஸ்பெக்டரும் ஒரே நாளில் வந்து சேர்ந்தார்கள். திருச்செந்தூரில் மாசித் திருவிழா. கூட்டம் கூடுகிற இடத்தில் சாராயக் கடைகளைக் கவனிக்க அவர் அன்றைக்கே புறப்பட வேண்டும். வாசலில் வண்டி அவிழ்க்காமல் நின்றது. அவசர அவசரமாக அபினை நிறுத்தார். டாக்டர் கையில் உத்தரவை வைத்துக்கொண்டு நின்றார். அதில் இருந்ததெல்லாம், கொக்கேனை இனி அபினைப் போலவே பத்திரப்படுத்தி, கணக்கு வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான். "அபினைப் போலவே" என்ற இடத்திலேயே எங்கள் டாக்டரின் கண் நின்றுவிட்டது.

அவர் கெட்டவர் அல்ல. கை சுத்தம், வாய் சுத்தம். ஆனால் மேலதிகாரியின் கையெழுத்தைப் பார்த்தால் உத்தரவில் இல்லாததையும் சேர்த்துச் செய்துவிடுவார். அலமாரியைத் திறந்து கொக்கேன் குப்பியை எடுத்து வந்து, "இதையும் உள்ள வச்சு சீல் வச்சிருங்க" என்று பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

நான் குறுக்கே பேசினேன். "அய்யா, அபின்னா இந்த மாசத்துக்கு வேண்டியத எடுத்து வச்சிருக்கோம். இதுலயும் ஒரு பொட்டலம் வெளிய வச்சுக்கிடுவோமே. பிசான நெல் அறுப்பு நடக்குது. கண்ணுல உமி குத்துனவங்க தினம் ஒருத்தராவது வாராங்க."

"பொட்டலம் வெளிய இருந்தா அதுக்கு யாருவே ஜவாப்பு? நீரா?" என்றார் டாக்டர். "உமக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

இன்ஸ்பெக்டருக்கு இதில் எதுவும் காதில் விழவில்லை. அவர் மனசு வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தது. "ஆகட்டும்வே, ஆகட்டும், நேரமாகுது" என்று சொல்லிக்கொண்டே அரக்கை உருக்கி ஊற்றி முத்திரையை அழுத்தினார். வண்டி போய்விட்டது. போன பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டு, கரைத்து வைத்திருந்த சொட்டு மருந்தில் மிச்சம் இருந்ததையும் கொட்டச் சொன்னார். எப்படியும் அது நாள் பட்டால் கெட்டுப்போகும் மருந்து. ஆனாலும் அன்றைக்கு நல்ல நிலையில் இருந்தது. கொட்டினேன். அந்தக் குப்பியைக் கழுவிக் கவிழ்த்து வைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலையிலேயே இசக்கியம்மாள் வந்துவிட்டாள்.

நாங்குநேரிப் பக்கத்து வானம் பார்த்த பூமியிலிருந்து பிசான அறுப்புக்காகக் கூட்டமாக வருகிறவர்களில் ஒருத்தி. கூட அவள் புருஷன் சுடலை. கதிர் அடிக்கும்போது உமி ஒன்று தெறித்து வலது கண்ணில், சரியாகக் கருவிழியில் குத்தி நின்றுவிட்டது. களத்திலேயே ஒருத்தி சேலை முனையால் எடுக்கப் பார்த்திருக்கிறாள். இன்னொருத்தி தாய்ப்பால் விட்டிருக்கிறாள். பிறகுதான் அழைத்து வந்தார்கள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. இமையை விரல் வைத்துத்தான் பிரிக்க முடிந்தது.

சாதாரணமாக இது எங்களுக்கு ஒரு வெற்றிலை போடுகிற நேரத்து வேலை. இரண்டு சொட்டு, கொஞ்சம் பொறுத்திருந்து, இடுக்கியால் ஓர் இழுப்பு, போரிக் தண்ணீரில் கழுவி ஒரு கட்டு. மறுநாள் அறுப்புக்குப் போய்விடலாம். டாக்டர் பெட்டியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சிவப்பு அரக்கு புதுசாகப் பளபளத்தது.

"இன்ஸ்பெக்டர் எப்பம் வாராருன்னு கேட்டுட்டு வாரும்" என்றார்.

அப்காரி ஆபீஸ் பக்கத்து ஊரில். ஓடினேன். அங்கே இருந்த சேவகன் பல்லைக் குத்திக்கொண்டே, "மத்தியானம் வந்திருவாவ" என்றான். திரும்பி வந்து சொன்னேன். மத்தியானம்தானே என்று டாக்டர் பெருமூச்சு விட்டார். திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயிலில் அனுப்பிவிடலாமா என்று நான் கேட்டேன். காலை வண்டி போய்விட்டிருந்தது. இனி சாயங்கால வண்டிதான். அதற்குள் இன்ஸ்பெக்டரே வந்துவிடுவாரே, எதற்கு வீண் அலைச்சல் என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

மத்தியானம் வரவில்லை. மறுபடி ஆபீசுக்குப் போனேன். "சாயங்காலம்" என்றான் அதே சேவகன். அவனுக்கும் ஒன்றும் தெரியாது. கேட்டவன் மனம் நோகக் கூடாது என்று ஏதாவது சொல்வான். நம் பக்கத்தில் தெரியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு, அதனால் எல்லோரும் ஒரு நேரத்தைச் சொல்லிவிடுவார்கள். அந்த நேரத்தை நம்பி ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்பது சொல்கிறவருக்கு உறைக்காது.

டாக்டருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. மருந்து இல்லாமலே எடுத்துப் பார்க்கிறேன் என்றார். சுடலை தலையைப் பிடித்துக்கொண்டான், நான் இமையைப் பிரித்துப் பிடித்தேன். இசக்கியம்மாள் கையை முறுக்கிக்கொண்டு அசையாமல் படுக்கத்தான் பார்த்தாள். ஆனால் விழி யார் சொன்னாலும் கேட்காது. இடுக்கி பட்டவுடன் துள்ளியது. உமி முறிந்து முனை உள்ளே நின்றுவிட்டது. டாக்டர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணுக்கு ஒரு கட்டு மட்டும் போட்டார்.

"இன்னும் செத்த நேரந்தான் தாயி, இன்ஸ்பெக்டர் வந்திருவாரு" என்றார்.

அவளுக்கு இன்ஸ்பெக்டர் எதற்கு என்று புரியவில்லை. "அவருதான் எடுப்பாரா அய்யா?" என்று கேட்டாள்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மருந்து அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, பெட்டியைத் திறக்க அவர் வர வேண்டும் என்று சொன்னேன். அவள் படுத்திருந்த பெஞ்சுக்கு எதிரேதான் பெட்டி இருந்தது. நல்ல கண்ணால் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். சுடலை பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வெளியே போய்க் குந்திக்கொண்டான்.

சாயங்கால வண்டியும் போனது. மறுநாள் காலை வண்டியில் அனுப்பியே தீருவது என்று முடிவாகி, அவளுக்கு ஒரு சீட்டும் எழுதியாகிவிட்டது. விடிந்து அவள் கிளம்புகிற நேரம் பார்த்து அப்காரி சேவகன் தானாகவே வந்து, "திருச்செந்தூருல இருந்து புறப்பட்டுட்டாவளாம், பாத்துட்டு வந்த வண்டிக்காரன் சொன்னான்" என்றான். டாக்டர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்த வண்டியும் போனது.

இதைத்தான் நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். இரண்டு நாள் ஆகும் என்று முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால், எங்கள் டாக்டர் அப்போதே அவளை வண்டி பிடித்தாவது அனுப்பியிருப்பார். அவ்வளவு கல்நெஞ்சர் அல்ல. யாரும் இரண்டு நாள் என்று சொல்லவில்லை. மத்தியானம் என்றார்கள், சாயங்காலம் என்றார்கள், புறப்பட்டுவிட்டார் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம்தான் காத்திருந்தோம். முடிவெடுக்கப் பயந்தவனுக்குக் கொஞ்ச நேரம் என்பதைப் போல வசதியான சாமான் வேறு எதுவும் கிடையாது.

அந்த இரண்டாம் நாள் மத்தியானம் எங்கள் நர்ஸம்மா வந்து சேர்ந்தார். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சிக்கலான பிரசவத்துக்காக இரண்டு நாளாகப் போயிருந்தவர். பாளையங்கோட்டை மிஷனில் படித்து வந்தவர். ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயிலுக்குப் போகாமல் இருக்க மாட்டார், மற்ற நாளில் அதிகம் பேச மாட்டார். குடையை மடக்கி வைக்குமுன் பெஞ்சில் கிடந்தவளைப் பார்த்துவிட்டார்.

"என்ன நடக்கு இங்க?" என்று என்னைக் கேட்டார்.

சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து கட்டை அவிழ்த்து இமையைப் பிரித்தார். கருவிழியில், உமி முனையைச் சுற்றி, வெள்ளை படர ஆரம்பித்திருந்தது. நேற்று அது இல்லை. அவர் கட்டைப் பைய மூடிவிட்டு டாக்டரின் மேஜைக்குப் போனார்.

"அய்யா, சீழ் வைக்குது."

"தெரியும்மா. இன்ஸ்பெக்டர் வந்துக்கிட்டு இருக்காரு."

"இந்த ஆசுபத்திரில இப்பம் ரெண்டு சாமான் இருக்கு. ஒண்ணு அரக்கு, ஒண்ணு கண்ணு. அரக்க நாளைக்கு மறுபடி உருக்கி ஊத்திரலாம்."

 டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "என் வேலை போயிரும்மா. சர்க்கார் முத்திரைய உடைச்சான்னு ஜெயிலுக்கே அனுப்பிருவாவ."

"போகாதுய்யா. போனாலும் நீங்க டாக்டரு, எங்கன போனாலும் பிழைச்சுக்கிடுவீங்க. இவ கண்ணில்லாம எங்கன போவா?" என்றார் நர்ஸம்மா. அதட்டவில்லை. ஜுரம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லுகிற குரலில்தான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, முன்சீப்ப கூட்டிட்டு வாரும். ஒளிச்சு உடைச்சாத்தான் அது திருட்டு. ஊரு பாக்க உடைச்சிருவோம்" என்றார்.

கிராம முன்சீப் களத்தில் இருந்தார். தலையெல்லாம் தூசி. விஷயத்தைச் சொன்னதும், "அப்காரி சமாச்சாரத்துல நான் எதுக்குவே?" என்று பின்வாங்கினார். சர்க்கார் பெட்டியை நாங்கள் உடைக்கப்போகிறோம், நீர் பார்க்கவில்லை என்றால் நாளைக்கு உம்மையும்தான் கேட்பார்கள் என்று ஒரு போடு போட்டேன். வந்துவிட்டார். களத்தில் இருந்த நாலைந்து பேரும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தார்கள். அதுவும் நல்லதாகப் போயிற்று.

பெட்டியை நடையில் வெளிச்சத்தில் கொண்டுவந்து வைத்தோம். முத்திரை முழுசாக இருப்பதை முன்சீப்புக்குக் காட்டினோம். டாக்டர் என்னை உடைக்கச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவரே கத்தியை எடுத்து அரக்கை உடைத்தார். இதுவரை அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டேதான் எழுதி வந்திருக்கிறேன், இதையும் எழுத வேண்டும். 

நான் கரைத்துக் கொடுத்தேன். இரண்டு சொட்டு. கொஞ்ச நேரத்தில் இசக்கியம்மாளின் முகம் தளர்ந்தது. நெற்றிச் சுருக்கம் விரிந்தது.

"எரிச்சல் நின்னுட்டுய்யா" என்றாள். ஏதோ நாங்கள் பெரிய உபகாரம் செய்துவிட்ட மாதிரி, "நல்லா இருப்பீய" என்றும் சொன்னாள்.

டாக்டர் ஒரு கணம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுவிட்டுத்தான் இடுக்கியைக் கையில் எடுத்தார். முனை வந்துவிட்டது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. நர்ஸம்மா கட்டுப் போட்டார். முன்சீப் தலைத்தூசியைத் தட்டிவிட்டு, "இம்புட்டுத்தானா? இதுக்கா ரெண்டு நாளு?" என்று கேட்டார். 

பொழுது சாய்வதற்குள் இன்ஸ்பெக்டர் வந்தார். உடைந்த அரக்கைப் பார்த்ததும் முகம் கறுத்தது. டாக்டர் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டார். பிறகு அவர் சொன்னது என் காதில் இன்றைக்கும் கிடக்கிறது.

"நான் எப்பம்வே இத உள்ள வைக்கச் சொன்னேன்? பூட்டி வைக்கணும், கணக்கு வைக்கணும். அம்புட்டுத்தான உத்தரவு? உம்ம அலமாரியில ஒரு பூட்டப் போட்டு, சாவிய மடியில சொருகிக்கிட்டா ஆச்சே. ஆசுபத்திரிக்கு வேண்டிய மருந்துக்கு எந்தச் சர்க்கார்வே சீல் வைக்கச் சொல்லும்?"

"நீங்கதானய்யா சீல் வச்சீங்க" என்று நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"நீரு உள்ள வச்சீரு, நான் மேல வச்சேன்" என்றார். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் தணிந்து, பெஞ்சில் கிடந்தவளை எட்டிப் பார்த்தார். "ஆனா முத்திரை உடைஞ்சிருக்கு. நான் மேல எழுதாம இருந்தா என் தலை உருளும். எழுதத்தான் செய்வேன்" என்றார். எழுதினார்.

ஆக, சர்க்கார் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் சொல்லவில்லை. சட்டம் ஒரு படி ஏறச் சொன்னது. நாங்கள் பயத்தில் மாடிக்கே ஏறி ஏணியையும் இழுத்துப் போட்டுக்கொண்டோம். கடுமையான உத்தரவைவிட, அதை இன்னும் கொஞ்சம் கடுமையாக்கி நல்ல பெயர் வாங்கப் பார்க்கிற புத்தி இருக்கிறதே, அதுதான் ஆளைக் கெடுக்கும். உங்கள் ஆஸ்பத்திரியிலும் அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். ஒரு மருந்தை இங்கிருந்து அங்கே மாற்றச் சொல்லி உத்தரவு வந்தால், தாராளமாக மாற்றுங்கள், பூட்டுங்கள். ஆனால் பூட்டுமுன் நாளைக் காலையில் இந்த மருந்தைத் தேடி யார் வருவார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். அப்போது சாவி ஊரில் இருக்குமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். நான் கேட்டேன், ஒரு தடவை கேட்டு அதட்டல் வாங்கியதும் அடங்கிவிட்டேன். நீங்கள் மூன்று தடவை கேளுங்கள். எரிச்சல்படட்டும்.

இசக்கியம்மாளின் கண் ஆறியது. ஆனால் கருவிழியின் நடுவில் பூ விழுந்துவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். அறுப்பு வரிசையில் வலப்பக்கத்து ஆளின் அரிவாள் அவளுக்குத் தெரியாது என்று, அடுத்த கார்ப் பருவத்து அறுப்புக்கு ஆள் சேர்க்கிற கொத்துக்காரன் அவளை வரிசையில் சேர்க்கவில்லை. களத்தில் சிந்தின மணியைப் பொறுக்கவும் சண்டும் பதரும் அள்ளவும் விட்டார்களாம். இதைச் சுடலைதான் என்னிடம் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சுடலை அதைச் சொன்னது, பல மாதம் கழித்து விசாரணை நடந்த அன்று. முத்திரை உடைந்ததைப் பற்றி விசாரிக்க மேலதிகாரி ஒருவர் எங்கள் ஊருக்கே வந்து ஆஸ்பத்திரி நடையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரைக் கேட்டார், முன்சீப்பைக் கேட்டார், என்னைக் கேட்டார். நர்ஸம்மாவைக் கேட்டபோது, உடைக்கச் சொன்னது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லிவிட்டு நின்றார். அரக்கு என்ன நிறம், முத்திரை எந்தப் பக்கம் இருந்தது, கத்தி யாருடையது என்று ஒரு காலைப்பொழுது முழுவதும் போனது. கடைசியில் சாட்சிப் பட்டியலில் இருந்த இசக்கியம்மாளைக் கூப்பிட்டார்கள். அதற்காக அவளை நாங்குநேரிப் பக்கத்திலிருந்து நடத்திக் கூட்டி வந்திருந்தார்கள்.

"பெட்டியை உடைத்தபோது நீ இங்கே இருந்தாயா?"

"இருந்தேன்யா."

"அதற்கு முன்னால் முத்திரை முழுசாக இருந்ததா? பார்த்தாயா?"

"பாத்தேன்யா. ரெண்டு நாளா அதத்தான் பாத்துக்கிட்டுக் கிடந்தேன். அரக்குல ஒரு கீறல் இல்ல. நல்லா முழுசா இருந்துச்சு."

குமாஸ்தா அதை எழுதிக்கொண்டார். உடைக்கும்வரை முத்திரைக்குப் பழுதில்லை என்பது ஊர்ஜிதமாகிவிட்டது. எங்கள் டாக்டரின் முகத்தில் முதல்தடவையாகத் தெளிவு வந்தது. அதிகாரிக்கும் திருப்தி. "சரி, நீ போகலாம்" என்றார்.

அவள் போகவில்லை. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். இன்னும் ஏதோ கேட்பார்கள் என்று எதிர்பார்த்து நின்றாள் என்பது எனக்குப் புரிவதற்கே கொஞ்சம் நேரமாயிற்று.

"அம்புட்டுத்தானாய்யா?" என்று கேட்டாள். "கண்ணப் பத்தி ஒண்ணும் கேக்கலியே."

அதிகாரி காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "அது இதில் வராதம்மா" என்றார்.